சேதாரக் கணக்கு: திருச்சி நகைக்கடை வீதியில் நுகர்வோர் கல்வி

2023 அக்டோபரில், திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்டு தமிழ்நாட்டின் பல ஊர்களில் கிளை பரப்பியிருந்த பிரணவ் ஜுவல்லர்ஸ் கடைகள் அடுத்தடுத்து மூடப்பட்டன. பணம் கட்டியவர்கள் கடை வாசலில் கூடினார்கள். பிறகு காவல்துறையிடம் போனார்கள். திருச்சிப் பொருளாதாரக் குற்றப் பிரிவு வழக்குப் பதிந்தது. நவம்பர் 20ஆம் தேதி அமலாக்கத் துறை அந்த நிறுவனம் தொடர்பான இடங்களில் சோதனை நடத்தி, கணக்கில் வராத 23.70 லட்சம் ரூபாயையும் 11.60 கிலோ தங்கத்தையும் கைப்பற்றியதாக அறிவித்தது. தங்க முதலீட்டுத் திட்டம் என்ற பெயரில், அதிக வருவாய் தருவதாகச் சொல்லிப் பொதுமக்களிடம் வசூலித்த தொகை 100 கோடி ரூபாய் என்பது அத்துறையின் குற்றச்சாட்டு. கடையின் விளம்பரத்தில் தோன்றிய திரைப்பட நடிகரும் விசாரணைக்கு அழைக்கப்பட்டார்.

குற்றத்தை முடிவு செய்வது நீதிமன்றத்தின் வேலை. இங்கே கேட்க வேண்டிய கேள்வி வேறு. நகை வாங்கும்போது 916 முத்திரையைத் தேடிப் பார்க்காதவர் இன்று திருச்சியில் அபூர்வம். காந்தி மார்க்கெட்டில் கத்தரிக்காய்க்குக் கிலோவுக்கு ஐந்து ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசும் ஊர் இது. அதே ஊரில் லட்சக்கணக்கில் பணத்தை ஒரு அட்டையை மட்டும் வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டு வர முடிந்தது எப்படி? விழிப்புணர்வு போதவில்லை என்று சொல்லி நகர்ந்துவிடுவது எளிது. எனக்கு அது சரியான பதிலாகப் படவில்லை. விழிப்புணர்வு இருந்தது. ஆனால் அது முத்திரையைப் பார்க்கக் கற்றுக்கொண்ட விழிப்புணர்வு. கணக்குக் கேட்கக் கற்றுக்கொண்டது அல்ல.

நுகர்வோர் கல்வி நம்மிடம் இல்லை என்று சொல்ல முடியாது. 1962 மார்ச் 15 அன்று அமெரிக்க அதிபர் கென்னடி நுகர்வோருக்கு நான்கு உரிமைகள் உண்டு என்று நாடாளுமன்றத்துக்குச் செய்தி அனுப்பினார். கல்வி பெறும் உரிமை அந்த நான்கில் இல்லை. பின்னாளில் பன்னாட்டு நுகர்வோர் இயக்கம் சேர்த்தது அது. இந்தியாவில் 1986ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அதை ஏற்றது, 2019ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது விழிப்புணர்வு பெறும் உரிமை என்ற பெயரில் தொடர்கிறது. தமிழ்நாட்டில் பள்ளி, கல்லூரிகளில் குடிமக்கள் நுகர்வோர் மன்றங்கள் இருக்கின்றன. உணவுப் பொருள் வழங்கல் மற்றும் நுகர்வோர் பாதுகாப்புத் துறை ‘தமிழ்நாடு நுகர்வோர் கவசம்’ என்ற மாத இதழை நடத்துகிறது. சமச்சீர்க் கல்வியில் ஏழாம் வகுப்புச் சமூக அறிவியலிலேயே சந்தையும் நுகர்வோர் பாதுகாப்பும் ஒரு பாடம். திருச்சிக்கென்று தனியாகவும் ஒரு மரபு உண்டு. எஸ். புஷ்பவனம் செயலாளராக இருந்து பல ஆண்டுகள் நடத்திய கன்சூமர் புரொடெக்‌ஷன் கவுன்சில், தமிழ்நாடு என்ற அமைப்பு இந்த ஊரிலிருந்துதான் பொதுச் சேவைகளின் குறைகளை எழுத்திலும் வழக்கிலும் எழுப்பி வந்தது.

இவ்வளவு இருந்தும் பாடத்தின் உள்ளடக்கம் பெரும்பாலும் சின்னங்களின் பட்டியல். ஐ.எஸ்.ஐ. எதற்கு, அக்மார்க் எதற்கு, ஹால்மார்க் எதற்கு. காலாவதித் தேதி பார், அதிகபட்ச விலை பார், ரசீது வாங்கு. டிசம்பர் 24 தேசிய நுகர்வோர் தினத்தன்று இவற்றை வைத்துக் கட்டுரைப் போட்டி நடக்கும். தவறில்லை. சின்னம் பார்ப்பதால் நன்மை இல்லையா என்றால், நிச்சயம் உண்டு. தங்கமே அதற்கு நல்ல சான்று.

பொருளாதாரத்தில் ஒரு பழைய பகுப்பு இருக்கிறது. 1970இல் பிலிப் நெல்சன், பொருள்களின் தரத்தை வாங்கும் முன் பார்த்தே அறியக்கூடியவை, பயன்படுத்திய பின் அறியக்கூடியவை என்று இரண்டாகப் பிரித்தார். 1973இல் மைக்கேல் டார்பியும் எடி கார்னியும் மூன்றாவது வகை ஒன்றைச் சேர்த்தார்கள்: வாங்கிப் பயன்படுத்திய பிறகும் வாங்கியவருக்குத் தரம் தெரியாதவை. நகையின் மாற்று, அதாவது தங்கத்தின் தூய்மை, அந்த மூன்றாம் வகை. பாட்டி காலத்து வளையலை உரசிப் பார்த்த பிறகுதான் அது எத்தனை காரட் என்று தெரிய வந்த குடும்பங்கள் ஏராளம். 2000இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் தங்கத்துக்கு ஹால்மார்க் திட்டத்தைக் கொண்டுவந்தது. 2021 ஜூனில் 256 மாவட்டங்களில் அது கட்டாயமானது. 2023 ஏப்ரல் 1 முதல் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹெச்.யு.ஐ.டி. குறியீடு இல்லாமல் ஹால்மார்க் நகையை விற்கக் கூடாது என்றானது. அந்தக் குறியீட்டை ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் தட்டினால் நகை எங்கே சோதிக்கப்பட்டது, என்ன மாற்று என்பது வந்துவிடும். சந்தேகம் இருந்தால் சோதனை மையத்தில் குறைந்தபட்சம் 200 ரூபாய் கட்டணத்தில் யாரும் சோதித்துக்கொள்ளலாம்; மாற்று குறைந்திருந்தால் குறைவின் மதிப்பைப் போல் இரண்டு மடங்கும் சோதனைக் கட்டணமும் இழப்பீடு. பார்த்தாலும் தெரியாத ஒன்றைப் பார்த்தவுடன் தெரியும்படி மாற்றிய சீர்திருத்தம் இது. நம் நாட்டு நுகர்வோர் பாதுகாப்பில் இவ்வளவு சுத்தமாக வேலை செய்த ஏற்பாடு வேறு அதிகம் இல்லை.

ஆனால் மாற்றில் லாபம் பார்க்க முடியாமல் போன இடத்தில், அதே லாபம் வேறு இடத்துக்கு நகரும். இதைப் பாடப் புத்தகம் சொல்வதில்லை.

ஸ்ரீரங்கத்திலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ் ஏறிக் காவிரிப் பாலம் தாண்டினால் சத்திரம் பேருந்து நிலையம். அங்கிருந்து நடக்கிற தூரத்தில் மெயின்கார்ட் கேட், தெப்பக்குளம், என்.எஸ்.பி. சாலை, சின்னக் கடை வீதி, பெரிய கடை வீதி. மலைக்கோட்டையைச் சுற்றி இருக்கும் இந்தத் தெருக்களில் கல்யாணச் சீசனில் எந்த நகைக்கடைக்குள் நுழைந்தாலும் காதில் விழும் பேச்சு ஏறக்குறைய ஒன்றுதான்.

“மத்த கடையில பதினாறு பர்சென்ட் போடுவாங்க மேடம். உங்களுக்குப் பன்னெண்டுல முடிச்சுத் தர்றேன்.”

“இன்னும் ரெண்டு குறைங்க தம்பி. மூணு தலைமுறையா இங்கதான் வாங்கறோம்.”

பேசப்படுவது சேதாரம். நகை செய்யும்போது தேய்ந்தும் உதிர்ந்தும் போகும் தங்கத்துக்கான ஈடு என்பது அதன் பழைய பொருள். ஆசாரி பட்டறையில் கையால் வேலை செய்த காலத்தில் அதற்கு நியாயம் இருந்தது. இயந்திரத்தில் இழுத்த சங்கிலியில் உண்மையாகவே அவ்வளவு தங்கம் வீணாவதில்லை. உதிர்ந்த பொடியும் திரும்ப உருக்கப்படுகிறது. இன்று சேதாரம் என்பது விலையின் ஒரு கூறு, அவ்வளவுதான். அதற்குச் சட்டத்தில் உச்சவரம்பு இல்லை. அந்த அம்மாள் இரண்டு சதவீதம் குறைத்துவிட்டுத் திருப்தியோடு போவார். பேரத்தில் அவர் திறமைசாலிதான். ஆனால் மொத்தத்தில் கிராமுக்கு என்ன விலை கொடுத்தார் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

கணக்கு எளிது. எண்கள் புரிவதற்காகக் கிராம் விலையைப் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பவுன், அதாவது 16 கிராம் சங்கிலி: 1,60,000. சேதாரம் 12 சதவீதம்: 19,200. கூட்டினால் 1,79,200. அதற்கு 3 சதவீதம் ஜி.எஸ்.டி.: 5,376. ஹால்மார்க் கட்டணம் 45 ரூபாயும் அதன் வரியும் 53 ரூபாய். பில் தொகை 1,84,629. இதை 16ஆல் வகுத்தால் கிராம் 11,539 ரூபாய். கடைப் பலகையில் போட்டிருக்கும் கிராம் விலை ஊர் முழுக்க ஏறக்குறைய ஒன்றுதான். அதை ஒப்பிட்டுப் பயனில்லை. இந்த 11,539தான் கடைக்குக் கடை மாறும் எண். ‘செய்கூலி இல்லை’ என்று ஒரு கடை சொல்லலாம், ‘சேதாரம் பாதி’ என்று இன்னொன்று சொல்லலாம், மூன்றாவது கடை கல் எடையையும் சேர்த்து நிறுக்கலாம். பில் தொகையைக் கல் நீங்கிய தங்க எடையால் வகுத்துவிட்டால் மூன்றின் உண்மையும் ஒரே வரியில் நின்றுவிடும். பில்லில் நிகர எடை, மாற்று, ஹால்மார்க் கட்டணம் ஆகியவற்றைத் தனித்தனியாகக் காட்ட வேண்டும் என்பது தர நிர்ணய அமைவனத்தின் விதி. ஒரு வகுத்தல் கணக்குக்கு வேண்டியதெல்லாம் வாங்குபவரின் கையிலேயே இருக்கிறது. எந்தப் பாடத்திலும் இந்தக் கணக்கை நான் பார்த்ததில்லை.

சேதாரத்தைப் புரிந்துகொண்டால் நகைச் சீட்டும் புரிந்துவிடும். இந்தக் கட்டுரையின் மையம் இதுதான். மாதம் 5,000 ரூபாய் வீதம் 11 மாதம் கட்டுங்கள், பன்னிரண்டாவது தவணையை நாங்கள் போடுகிறோம், 60,000 ரூபாய்க்கு நகை எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறது கடை. 11 மாதம் என்ற எண்ணுக்கே ஒரு காரணம் உண்டு. பொருள் தருவதற்காக ஒரு கம்பெனி வாங்கும் முன்பணத்தை 365 நாளுக்குள் பொருளாகக் கொடுத்துவிட்டால் அது வைப்புத்தொகை ஆகாது என்கின்றன 2014ஆம் ஆண்டின் கம்பெனி வைப்புத்தொகை விதிகள். கட்டிய 55,000 ரூபாயும் சராசரியாக ஆறு மாதம் கடையில் இருக்கிறது. அதற்கு 5,000 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 18 சதவீதம். நம் ஊர்ப் பேச்சில் ஒன்றரை வட்டி. எந்த வங்கியும் இப்படி வட்டி தராது. கடை மட்டும் எங்கிருந்து தருகிறது?

பதில் சேதாரத்தில் இருக்கிறது. 60,000 ரூபாய் பில்லில் வரி போக, 12 சதவீதச் சேதாரத்தின் பங்கு ஏறக்குறைய 6,200 ரூபாய். அதில் ஒரு பகுதி பட்டறைக் கூலிக்குப் போனாலும், மாதாமாதம் வட்டியில்லாமல் வரும் பணத்தை வைத்துக் கடை தன் சரக்கை வாங்குகிறது. வங்கிக் கடனுக்குக் கட்ட வேண்டிய வட்டி மிச்சம். வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போகாமல் கட்டிப்போடப்படுகிறார். ஆகவே அந்த 5,000 ரூபாய்க்கு ஊற்று உண்டு. அந்த ஊற்று வாடிக்கையாளர் கொடுக்கப்போகும் சேதாரமே என்பதால்தான் நேர்மையான சீட்டில் பரிசைப் பணமாகத் தருவதில்லை, நகையாக மட்டுமே தருகிறார்கள்.

இப்போது எதிர்ப்பக்கம் பாருங்கள். ஒரு திட்டம் மாதாமாதம் ரொக்கமாக வட்டி தந்து, முடிவில் முதலையும் தங்கத்தையும் தருகிறேன் என்றால் அங்கே நகை விற்பனை இல்லை. விற்பனை இல்லாத இடத்தில் சேதாரம் இல்லை. சேதாரம் இல்லாத இடத்தில் கொடுப்பதற்கு ஊற்று இல்லை. அடுத்து வருபவரின் பணம் ஒன்றுதான் மிச்சம். ஒன்றரை வட்டிக்கு மேல் ரொக்கமாகத் தருகிறேன் என்று சொல்லும் நகைக்கடை எதுவானாலும், முத்திரை சரியாக இருந்தாலும், இந்தக் கணக்கில் தேறாது.

இந்தக் கணக்கு நம் பெண்களுக்குப் புதிதும் இல்லை. மகளிர் சுய உதவிக் குழுவில் இருப்பவர்கள் ‘நூத்துக்கு ரெண்டு வட்டி’ என்றால் ஆண்டுக்கு 24 சதவீதம் என்பதை எழுதிப் பார்க்காமல் சொல்வார்கள். ரெண்டு வட்டிக்குக் கடன் வாங்கி அதைக் கட்ட என்ன பாடு என்பது அவர்களுக்கு உடம்பிலேயே தெரியும். கொடுக்கும்போது தெரிந்த அந்தக் கணக்கை வாங்கும் பக்கம் திருப்பிப் போடச் சொல்லித் தர ஆள் இல்லை. நமக்கு ரெண்டு வட்டி தருகிறவர் அதற்கு மேல் சம்பாதிக்கும் தொழில் எது? கல்வி என்று நான் சொல்வது இந்த ஒரு கேள்வியை வாயில் வரவைப்பதை.

தமிழ்நாட்டின் மோசடி வரலாறு இதற்கு ஆதரவாக இருக்கிறது. 1990களில் தேக்கு மர முதலீடு; அதைத் திரட்டிய அநுபவ் பிளாண்டேஷன்ஸ் 1998இல் சரிந்தது. அந்தப் பத்தாண்டின் நிதி நிறுவனச் சரிவுகளால்தான் 1997இல் முதலீட்டாளர் நலன் காக்கும் தமிழ்நாடு சட்டம் வந்தது. 2012இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி. 2022இல் ஆருத்ரா கோல்டு. ஏறக்குறைய ஒரு லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் என்றது பொருளாதாரக் குற்றப் பிரிவு. ஒவ்வொரு முறையும் அடுத்த ஆண்டின் விழிப்புணர்வுத் துண்டறிக்கையில் போன முறை ஏமாற்றிய பொருளின் பெயர் இருக்கும். ஈமுவை நம்பாதே என்று எச்சரித்து முடிப்பதற்குள் தங்கம் வந்துவிடுகிறது. பொருள் மாறுகிறது, கணக்கு மாறுவதில்லை. நாம் பொருளைப் பற்றிப் பாடம் நடத்துகிறோம்.

கல்வியால் இதெல்லாம் திருந்துமா என்ற சந்தேகமும் நியாயமானது. 2014இல் டேனியல் ஃபெர்னாண்டஸ், ஜான் லிஞ்ச், ரிச்சர்ட் நெட்மேயர் மூவரும் 201 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தார்கள். நிதிக் கல்வித் திட்டங்கள், மக்களின் நிதி நடத்தையில் காணப்படும் வேறுபாட்டில் 0.1 சதவீதத்தைத்தான் விளக்குகின்றன என்பது அவர்கள் கண்டது. நீண்ட வகுப்பு எடுத்தாலும் இருபது மாதத்தில் அதன் பலன் மங்கிவிடுகிறது. முடிவெடுக்கும் தருணத்தை ஒட்டிக் கற்பிப்பதே பலன் தரும் என்றார்கள். 2022இல் டிம் கைசரும் அன்னாமரியா லூசார்டியும் வேறு இருவரும் 76 கட்டுப்பாட்டுச் சோதனைகளைத் தொகுத்து, பலன் அவ்வளவு மோசமில்லை, கணிசமாகவே இருக்கிறது என்று பதில் சொன்னார்கள். இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது எனக்குப் படுவது: பலன் உண்டு, ஆனால் டிசம்பர் 24 அன்று ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு ஹால்மார்க் படம் வரையச் சொல்வதால் அது வராது. அந்தப் பிள்ளையின் அம்மா ஆடி மாதத்தில் சீட்டு அட்டையில் கையெழுத்துப் போடும் வாரத்தில் வர வேண்டும்.

தருணம் தவறினால் சட்டம் கொடுத்த உரிமையும் வீணாகிவிடும். ஸ்ரீரங்கம் சித்திரை வீதிகளில் ஓய்வூதியத்தில் வாழும் முதியவர்கள் நிறைய. வைப்புத்தொகையைப் புதுப்பிக்க வங்கிக்குப் போனவர், ‘இதுல வட்டி ஜாஸ்தி மாமா, ஒரே ஒரு கையெழுத்து’ என்ற பேச்சில் ஆயுள் காப்பீட்டுப் பாலிசியோடு வீடு திரும்பும் கதையை எனக்குத் தெரிந்த வீடுகளிலேயே கேட்டிருக்கிறேன். ஆண்டுதோறும் தவணை கட்ட வேண்டும் என்பது மறு ஆண்டு கடிதம் வரும்போதுதான் தெரியும். வேண்டாம் என்றால் பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. அந்த உரிமை பாலிசிப் பத்திரத்துக்குள்ளேயே அச்சாகி, உறையோடு பீரோவில் பத்திரமாக இருக்கிறது. உறையைப் பிரித்து அந்தப் பக்கத்தைக் காட்ட முப்பது நாளைக்குள் ஒரு பேரப்பிள்ளை வீட்டுக்கு வந்திருந்தால் போதும்.

இப்படி அன்றாட வாழ்க்கையை ஒட்டிக் கற்பிப்பதைச் செய்து காட்டிய தமிழ்ச் சூழல் ஒன்று கடல் கடந்து இருக்கிறது. 1969இல் தொடங்கிய பினாங்கு பயனீட்டாளர் சங்கம் மலேசியாவின் பிற மொழிகளோடு தமிழிலும் மக்களிடம் போயிற்று. அங்கிருந்து வந்த அன்வர் ஃபசல்தான் பன்னாட்டு நுகர்வோர் அமைப்பின் தலைவராக இருந்தபோது மார்ச் 15ஐ உலக நுகர்வோர் உரிமை நாளாக்கக் காரணமானவர்; முதலில் 1983இல் கொண்டாடப்பட்டது. பன்னாட்டுப் புகழைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, சாதாரணக் குடும்பம் அன்றாடம் வாங்கும் சாமானையே அவர்கள் பாடப் பொருளாக எடுத்துக்கொண்டது.

திருச்சியில் இதற்கு வசதி அதிகம். செயின்ட் ஜோசப், ஹோலி கிராஸ் கல்லூரிகளிலிருந்து நகைக்கடை வீதிகள் நடந்து போகிற தூரம். நேஷனல் கல்லூரி, ஜமால் முகமது, பிஷப் ஹீபர், சீதாலட்சுமி ராமசாமி என்று பட்டியல் நீளும். நுகர்வோர் மன்ற மாணவர்கள் சுவரொட்டி வரைவதை ஒரு பருவம் நிறுத்திவிட்டுத் தங்கள் வீட்டு நகை பில்களைப் பெயர் மறைத்துக் கொண்டுவரட்டும். மொத்தத் தொகையை நிகர எடையால் வகுத்து, அன்றைய கிராம் விலையைவிட எத்தனை சதவீதம் அதிகம் என்று போடட்டும். வணிகவியல் முதலாண்டு மாணவருக்கு இது அரை மணி நேர வேலை. நூறு பில் சேர்ந்தால் இந்த ஊரில் சங்கிலிக்கு எவ்வளவு, வளையலுக்கு எவ்வளவு என்ற உண்மையான சேதாரம் முதன்முறையாக வெளியே தெரியும். இப்போது அது கடைக்காரர்களுக்கு மட்டும் தெரிந்த தகவல். நகைக்கடைக்காரர்கள் இதை விரும்ப மாட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். குறைவாகப் போடும் கடைக்கு இதைவிட நல்ல விளம்பரம் கிடையாது.

விளம்பரம் பற்றி ஒரு வார்த்தை. தவறான விளம்பரத்தில் நடிப்பவருக்கும் முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை, மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அபராதம் விதிக்க 2019ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. உரிய முறையில் விசாரித்த பிறகே நடித்தேன் என்று காட்டினால் தப்பிக்கலாம். நடிகருக்கு இருக்கும் இந்த விசாரிக்கும் கடமையை ரசிகர் தன் மேலும் போட்டுக்கொள்வது நல்லது.

வீட்டில் நகைச் சீட்டு அட்டை இருப்பவர்கள் அதை இன்றே எடுத்துப் பாருங்கள். பெயருக்குக் கீழே கம்பெனியா, கூட்டாண்மை நிறுவனமா என்று பாருங்கள். 365 நாள் விதி கம்பெனிக்குத்தான், அமலாக்கத் துறையின் அறிவிப்பில் பிரணவ் ஒரு கூட்டாண்மை நிறுவனம். பரிசு நகையாகவா, பணமாகவா என்று பாருங்கள். பணமாக என்றால் அடுத்த தவணையைக் கட்டும் முன் கடைக்காரரிடம் அது எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். வங்கியில் இருக்கும் பணத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு, சீட்டுப் பணத்துக்கு ஒரு ரூபாய்கூடக் கிடையாது. கட்டிய ஒவ்வொரு தவணைக்கும் ரசீது வாங்கி வையுங்கள். குறை இருந்தால் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழைக்கலாம். திருச்சி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில், கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமே இல்லாமல் வழக்குப் போடலாம். வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. காலக்கெடு இரண்டு ஆண்டு.